வருமான வரி யார் கையில்? ஸ்காட்லாந்து சொல்லும் கணக்கு

இங்கிலாந்தின் வடகோடியில், ஸ்காட்லாந்து எல்லையிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது பெரிக் நகரம். எல்லைக்கு அப்பால், அதே கடற்கரையோரத்தில், ஐமவுத் என்னும் மீன்பிடி ஊர். இவ்விரு ஊர்களிலும் ஆண்டுக்கு 50,000 பவுண்டு ஊதியம் பெறும் ஒவ்வொருவரை எண்ணிக்கொள்வோம். 2025-26 நிதியாண்டின் விகிதப்படி பெரிக்கில் வசிப்பவர் செலுத்தும் வருமான வரி 7,486 பவுண்டு. ஐமவுத்தில் வசிப்பவர் செலுத்துவது ஏறத்தாழ 9,014 பவுண்டு. வித்தியாசம் 1,528 பவுண்டு. இருவருக்கும் நாடு ஒன்று, நாணயம் ஒன்று, வரியை வசூலிக்கும் துறையும் ஒன்றே. விகிதத்தைத் தீர்மானிக்கும் நாடாளுமன்றம் மட்டும் வேறு.

ஒற்றையாட்சி மரபில் ஊறிய பிரிட்டன், வருமான வரி போன்ற முதன்மையான வரியை ஒரு வட்டார அரசின் கையில் கொடுத்திருப்பது அரிய நிகழ்வு. மாநிலங்களின் நிதி உரிமை பற்றி எங்கே விவாதம் எழுந்தாலும் ஸ்காட்லாந்தின் பெயர் மேற்கோளாக வந்துவிடுகிறது. அப்படி மேற்கோள் காட்டும் பலரும், அங்கே உண்மையில் என்ன கொடுக்கப்பட்டது, எது கொடுக்கப்படவில்லை என்பதைச் சொல்வதில்லை. வரி விகிதத்தை நிர்ணயிக்கும் உரிமை, அந்த அதிகாரத்தின் கண்ணுக்குத் தெரியும் பாதி மட்டுமே. விகிதம் கைமாறியபோது மத்திய மானியத்திலிருந்து எவ்வளவு கழிக்கப்படும் என்று வகுத்த சூத்திரம்தான் மறுபாதி. ஸ்காட்லாந்தின் கால் நூற்றாண்டு அனுபவத்தை வாசிக்கும்போது, மறுபாதியே வலிமையானது என்ற முடிவுக்கே நான் வருகிறேன்.

கையில் இருந்தும் பயன்படாத அதிகாரம்

1997 செப்டம்பர் 11 அன்று ஸ்காட்லாந்து வாக்காளர்களிடம் இரண்டு கேள்விகள் கேட்கப்பட்டன. தனி நாடாளுமன்றம் வேண்டுமா என்பது முதல் கேள்வி. அதற்கு வரியை மாற்றும் அதிகாரம் வேண்டுமா என்பது இரண்டாவது. முதல் கேள்விக்கு 74.3 சதவீதம் பேர் ஆம் என்றார்கள், இரண்டாவதற்கு 63.5 சதவீதம் பேர். ஆர்க்னி தீவுகளும், இங்கிலாந்து எல்லையை ஒட்டிய டம்ஃப்ரீஸ்-கேலவே பகுதியும் நாடாளுமன்றத்தை ஏற்று, வரி அதிகாரத்தை மட்டும் மறுத்தன. தமக்கென ஓர் அவை வேண்டும், ஆனால் அது தம் பையில் கைவைக்க வேண்டாம் என்ற மனநிலை எங்கும் உள்ளதுதான்.

அன்றைய கன்சர்வேட்டிவ் அமைச்சர் மைக்கேல் ஃபோர்சைத் இதனை 'டார்டன் வரி' என்று முன்பே ஏளனம் செய்திருந்தார். டார்டன் என்பது ஸ்காட்லாந்தின் அடையாளமான கட்டம் போட்ட துணி. ஸ்காட்டிஷ்காரராக இருப்பதற்கே ஒரு வரி என்ற பொருள் அதில் தொனித்தது.

1998ஆம் ஆண்டின் ஸ்காட்லாந்து சட்டம் அளித்த அதிகாரம் மிகச் சிறியது. அடிப்படை விகிதத்தை பவுண்டுக்கு 3 பென்ஸ் வரை, அதாவது 3 சதவீதப் புள்ளிகள் வரை, கூட்டலாம் அல்லது குறைக்கலாம். உயர் வருவாய்க்கான விகிதங்களைத் தொட முடியாது. 1999இல் நடந்த முதல் தேர்தலில், லண்டன் அறிவித்த ஒரு பென்னி வரிக்குறைப்பை ஸ்காட்லாந்தில் அமல்படுத்தாமல் அந்தப் பணத்தைப் பொதுச் சேவைகளுக்குப் பயன்படுத்தலாம் என்று ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி வாக்காளர்களிடம் சொன்னது, தேர்தலில் தோற்றது. அதன் பிறகு எந்தக் கட்சியும் அந்த ஆயுதத்தை உறையிலிருந்து எடுக்கவில்லை.

காரணம் கோழைத்தனம் மட்டுமன்று. ஸ்காட்லாந்தின் செலவுக்கான பணம் லண்டனிலிருந்து தொகுப்பு மானியமாக வந்துகொண்டிருந்தது. 1970களின் இறுதியில் நிதியமைச்சகத்தில் இருந்த ஜோயல் பார்னெட்டின் பெயரால் வழங்கும் 'பார்னெட் சூத்திரம்' அந்த மானியத்தின் ஏற்ற இறக்கத்தைத் தீர்மானித்தது. இங்கிலாந்தில் மருத்துவத்துக்கோ கல்விக்கோ செலவு கூடினால், மக்கள்தொகை விகிதப்படி ஸ்காட்லாந்துக்கும் ஒரு பங்கு தானாகவே வந்து சேரும். பணம் தானாக வரும்போது, சொந்த மக்களிடம் கூடுதலாகக் கேட்டுக் கெட்ட பெயர் வாங்க எந்த அரசியல்வாதி முன்வருவார்?

முடிவு நகைப்புக்கு இடமானது. அந்த அதிகாரத்தைச் செயல்படுத்துவதற்கான கணினி ஏற்பாட்டைப் பராமரிக்க எடின்பரோ அரசு பணம் செலுத்துவது 2007இல் நின்றுபோனது. மக்கள் வாக்களித்துப் பெற்ற உரிமை நடைமுறையில் செயலிழந்துவிட்டது என்பது 2010 நவம்பரில்தான் வெளியே தெரிந்தது. சட்டப் புத்தகத்தில் அதிகாரம் அப்படியே இருந்தது. அதைச் செலுத்தும் இயந்திரம் துருப்பிடித்திருந்தது.

சுதந்திரக் கோரிக்கை திறந்த கதவு

நிலைமை மாறியதற்கு அரசியலே காரணம். கென்னத் கால்மன் தலைமையிலான ஆணையம் 2009இல் அளித்த அறிக்கை, செலவிடும் அவைக்கு வரி திரட்டும் பொறுப்பும் இருக்க வேண்டும் என்றது. அதனடிப்படையில் வந்த 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி, 2016 ஏப்ரல் முதல் பிரிட்டன் அரசு ஒவ்வொரு அடுக்கிலும் 10 புள்ளிகளை விட்டுக்கொடுக்கும். அந்த இடத்தை ஸ்காட்லாந்து ஒரே விகிதத்தால் நிரப்ப வேண்டும். இதில் ஒரு பூட்டு இருந்தது. பணக்காரருக்கு ஒரு புள்ளி கூட்டினால் ஏழைக்கும் ஒரு புள்ளி கூடும். தனித்தனியாக மாற்ற வழியில்லை. 2016-17இல் எடின்பரோ அந்த 10 புள்ளிகளையே வைத்துக்கொண்டது. வரி செலுத்துவோருக்கு எந்த மாற்றமும் தெரியவில்லை.

இதனிடையே 2014 செப்டம்பரில் சுதந்திரத்துக்கான பொதுவாக்கெடுப்பு நடந்தது. 55.3 சதவீதம் பேர் பிரிட்டனோடு நீடிக்க வாக்களித்தார்கள். எதிர்பார்த்ததைவிட இடைவெளி குறைந்திருந்ததாலும், கடைசி நாட்களில் பிரிட்டன் கட்சித் தலைவர்கள் கூடுதல் அதிகாரம் தருவதாக வாக்களித்திருந்ததாலும், ஸ்மித் ஆணையம் உடனே அமைக்கப்பட்டது. அதன் பரிந்துரை 2016ஆம் ஆண்டுச் சட்டமாயிற்று. 2017 ஏப்ரல் முதல், ஊதியம், ஓய்வூதியம், சுயதொழில், வாடகை ஆகிய வருவாய்கள்மீதான வரியின் விகிதங்களையும் அடுக்குகளையும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் முழுமையாகத் தீர்மானிக்கிறது.

2018-19இல் அங்கே மூன்று அடுக்குகள் ஐந்தாயின, 2024-25இல் ஆறாயின. இன்று 19 சதவீதத்தில் தொடங்கி 20, 21, 42, 45 என ஏறி, 1,25,140 பவுண்டுக்கு மேல் 48 சதவீதத்தில் முடிகிறது. இங்கிலாந்தில் 20, 40, 45 என்ற மூன்று அடுக்குகளே. 2025-26இல் ஸ்காட்லாந்தில் ஏறத்தாழ 30,300 பவுண்டுக்குக் கீழ் ஊதியம் பெற்றவர் இங்கிலாந்தவரைவிடச் சிறிதளவு குறைவாகச் செலுத்தினார். அந்தச் சலுகை ஆண்டுக்கு அதிகபட்சம் 28 பவுண்டாக இருந்தது. 1,00,000 பவுண்டு பெற்றவரோ 3,332 பவுண்டு கூடுதலாகச் செலுத்தினார். அதற்குப் பதிலாக என்ன கிடைக்கிறது என்பதற்கும் அங்கே விடை உண்டு. ஸ்காட்லாந்து மாணவருக்கு உள்ளூர்ப் பல்கலைக்கழகங்களில் பயிற்றுக்கட்டணம் இல்லை. மருந்துச்சீட்டுக்குக் கட்டணம் இல்லை. வறிய குடும்பத்தின் ஒவ்வொரு குழந்தைக்கும் வாரந்தோறும் உதவித்தொகை உண்டு. இது 2022 நவம்பரில் 25 பவுண்டாக உயர்த்தப்பட்டு, பின்னர் மேலும் கூடியது.

கொடுத்ததும் கொடுக்காததும்

கொடுக்கப்படாதவற்றின் பட்டியலை இனிப் பார்க்கலாம். எவ்வளவு வருவாய்வரை வரியே இல்லை என்ற விலக்கு வரம்பு, 12,570 பவுண்டு, லண்டனின் கையில் இருக்கிறது. எது வருமானம், எதற்குக் கழிவு உண்டு என்ற வரையறையும் அங்கேயே. சேமிப்பு வட்டியும் பங்கு ஈவுத்தொகையும் பிரிட்டன் விகிதப்படியே வரிக்கு உள்ளாகின்றன. தேசியக் காப்பீட்டுப் பங்களிப்பு என்ற பெயரில் ஊதியத்தில் பிடிக்கப்படும் இன்னொரு தொகை முழுவதும் லண்டனுக்குரியது. வசூலிப்பது பிரிட்டனின் வருவாய்த் துறை. ஸ்காட்லாந்தில் வசிப்பவரின் வரிக் குறியீட்டு எண்ணுக்கு முன் 'எஸ்' என்ற எழுத்து சேரும். ஊதியச் சீட்டில் இந்த அதிகாரப் பரவலின் கண்கண்ட அடையாளம் அந்த ஓர் எழுத்துதான்.

இந்தப் பிரிவினையின் விளைவைக் காண ஓர் இடத்தைப் பார்த்தால் போதும். ஸ்காட்லாந்தில் 42 சதவீத விகிதம் 43,662 பவுண்டைத் தாண்டியதும் தொடங்குகிறது. தேசியக் காப்பீட்டுப் பங்களிப்போ, இங்கிலாந்தின் உயர் விகிதம் தொடங்கும் 50,270 பவுண்டுவரை 8 சதவீதமாக இருந்து, அதற்கு மேல் 2 சதவீதமாகக் குறைகிறது. ஆகவே இவ்விரு எல்லைகளுக்கும் இடைப்பட்ட ஊதியத்தில் ஸ்காட்லாந்தின் மூத்த செவிலியரோ, தலைமை ஆசிரியர் பொறுப்பை நோக்கி நகரும் ஆசிரியரோ கூடுதலாக ஈட்டும் ஒவ்வொரு பவுண்டிலும் பாதி போய்விடுகிறது. இங்கிலாந்தில் அதே ஊதிய நிலையில் இருப்பவருக்குப் போவது 28 பென்ஸ் மட்டுமே. 1,00,000 பவுண்டைத் தாண்டினால் விலக்கு வரம்பு படிப்படியாகப் பறிக்கப்படுகிறது. அந்த இடத்தில் ஸ்காட்லாந்தில் ஒரு கூடுதல் பவுண்டின்மீது விழும் மொத்தச் சுமை 69.5 பென்ஸை எட்டுகிறது.

இந்த விகிதங்களை இப்படியே வடிவமைக்க வேண்டும் என்று யாரும் திட்டமிடவில்லை. இரண்டு அரசுகள் ஒரே ஊதியத்தின்மீது தனித்தனியாக வரைந்த கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போனதன் விளைவு இது. எடின்பரோ தன் கோட்டை நகர்த்தலாம். மற்ற கோட்டைத் தொட முடியாது. குறை யாருடையது என்று கேட்டால் இரு தலைநகரங்களும் ஒன்றையொன்று சுட்டும்.

இன்னொரு கசிவும் உண்டு. சொந்தமாக ஒரு சிறு நிறுவனம் வைத்திருப்பவர், தனக்கு ஊதியமாக எடுப்பதைக் குறைத்து ஈவுத்தொகையாக எடுத்துக்கொண்டால், ஸ்காட்லாந்து விகிதத்திலிருந்து சட்டப்படியே விலகிவிடலாம். மாத ஊதியக்காரருக்கு அந்த வாசல் இல்லை. வரி உயர்ந்ததால் மக்கள் பெருந்திரளாக எல்லை தாண்டிப் போனதாகப் புள்ளிவிவரங்கள் காட்டவில்லை. ஆனால் வருமானம் எல்லை தாண்டுவதற்கு மனிதர் வீடு மாற வேண்டிய தேவையில்லை. 2024-25இல் 45 சதவீத அடுக்கைப் புதிதாகச் சேர்த்து, உச்ச விகிதத்தை 48 ஆக்கியபோது, செலுத்துவோர் தம் போக்கை மாற்றிக்கொள்வதைக் கழித்த பிறகு அவ்விரண்டாலும் கிடைப்பது 8.2 கோடி பவுண்டு மட்டுமே என்று ஸ்காட்லாந்து நிதி ஆணையம் மதிப்பிட்டது. 2023-24இல் ஸ்காட்லாந்தின் மொத்த வருமான வரி வசூல் ஏறத்தாழ 1,700 கோடி பவுண்டு. தலைப்புச் செய்தியாகும் விகிதம் எது, கருவூலத்தை நிரப்பும் விகிதம் எது என்பதை இந்த இரு எண்களும் சொல்லிவிடுகின்றன. கருவூலத்தை உண்மையில் நிரப்புவது, 2021-22 முதல் உயர்த்தப்படாமல் நிற்கும் அந்த 43,662 என்ற எல்லைதான். விலைவாசியோடு ஊதியம் உயர உயர, மேலும் மேலும் பலர் ஓசையின்றி அதற்குள் வந்துவிடுகிறார்கள்.

மானியத்தில் கழிக்கும் கணக்கு

இப்போது சூத்திரத்துக்கு வருவோம். வருமான வரியை ஸ்காட்லாந்து வைத்துக்கொள்வதால், அதற்கு ஈடான தொகையை லண்டன் தொகுப்பு மானியத்தில் கழித்தாக வேண்டும். முதல் ஆண்டில் எவ்வளவு கழிப்பது என்பது எளிது: முன்பு அங்கிருந்து கிடைத்துவந்த வரியின் அளவு. அடுத்தடுத்த ஆண்டுகளில் அந்தக் கழிவு எப்படி வளர வேண்டும் என்பதே சிக்கல். 2016 பிப்ரவரியில் இரு அரசுகளும் மாதக்கணக்கில் வாதாடிய பிறகு ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தன. பிரிட்டனின் பிற பகுதிகளில் தலா வருமான வரி எந்த வேகத்தில் வளர்கிறதோ, அதே வேகத்தில் கழிவும் வளரும். ஸ்காட்லாந்தின் மக்கள்தொகை மெதுவாக வளர்வதற்கு அது தண்டிக்கப்படாது என்பது எடின்பரோ பெற்ற சலுகை. 2023 ஆகஸ்டில் நடந்த மறுஆய்வில் இந்த முறையே நிலையானதாக்கப்பட்டது.

எளிய எண்களால் இதை விளக்கலாம். இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்டவை. தொடக்க ஆண்டில் ஸ்காட்லாந்தின் வசூல் 100, கழிவும் 100. அடுத்த ஆண்டில் பிற பகுதிகளில் தலா வரி 5 சதவீதம் வளர்கிறது. கழிவு 105 ஆகிறது. ஸ்காட்லாந்தின் பொருளாதாரமும் நன்றாகவே வளர்ந்து வசூல் 104 ஆகிறது. வளர்ந்தும், ஒன்று இழப்பு. இப்போது எடின்பரோ வரியை உயர்த்தி இன்னும் 2 திரட்டுகிறது. மக்கள் கூடுதலாகச் செலுத்தியது 2. அரசின் கையில் கூடுதலாக நின்றது 1. மீதி 1, வேறொரு நகரத்தின் வளர்ச்சியை எட்டிப்பிடிக்கச் செலவாகிவிட்டது.

ஸ்காட்லாந்தில் நடந்ததும் பெரும்பாலும் இதுவே. 2014க்குப் பிறகு கச்சா எண்ணெய் விலை சரிந்தபோது, வட கடல் எண்ணெய்த் தொழிலின் மையமான அபர்டீனில் உயர் ஊதிய வேலைகள் குறைந்தன. மறுபுறம், லண்டனின் நிதி நிறுவனங்களில் ஊதியமும் ஊக்கத்தொகையும் ஏறின. உயர் ஊதியக்காரர்கள்தாம் வரியின் பெரும்பகுதியைச் செலுத்துகிறார்கள் என்பதால், அவர்களிடையே ஏற்படும் சிறு அசைவும் சூத்திரத்தைப் பெரிதாக உலுக்கும். உயர்த்தப்பட்ட விகிதங்களால் மக்கள் கூடுதலாகச் செலுத்தும் தொகைக்கும், கழிவுக்குப் பிறகு வரவுசெலவுத் திட்டத்தில் மிஞ்சும் தொகைக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதை ஸ்காட்லாந்து நிதி ஆணையம் தன் அறிக்கைகளில் தொடர்ந்து சுட்டிக்காட்டிவருகிறது.

ஒரு வட்டார அரசு தன் பொருளாதாரத்தை வளர்த்தால் பயன் பெறட்டும், இல்லையேல் இழக்கட்டும் என்பது கொள்கையளவில் நியாயமாகத் தோன்றலாம். வட்டி விகிதம், குடிவரவு, எண்ணெய்க்கான வரி, வெளிநாட்டு வணிகம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் அந்த அரசிடம் இல்லாதபோது அந்த நியாயம் பாதியாகிவிடுகிறது. ஓட்டப் பந்தயத்தில் பங்கேற்கச் சொல்லிவிட்டு, காலணியை வேறொருவர் தேர்ந்தெடுப்பது போன்ற நிலை.

மூன்றாண்டு கழித்து வரும் பட்டியல்

இதில் காலத்தின் சிக்கலும் உண்டு. ஆண்டு தொடங்கும் முன்பே வரவு எவ்வளவு, கழிவு எவ்வளவு என்பதை முன்மதிப்பீட்டால் முடிவுசெய்ய வேண்டும். வரவை ஸ்காட்லாந்து நிதி ஆணையம் மதிப்பிடுகிறது. கழிவுக்கு அடிப்படை பிரிட்டனின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகத்தின் மதிப்பீடு. உண்மையான வசூல் தெரியவர ஓராண்டுக்கு மேலாகும். கணக்கைச் சரிக்கட்டுவது மூன்றாண்டு கழித்து. 2017-18க்கான மதிப்பீட்டுப் பிழையால் 2020-21 திட்டத்தில் 20.4 கோடி பவுண்டு வெட்டப்பட்டது. 2021-22க்கான பிழையால் 2024-25இல் 39 கோடி பவுண்டு வெட்டு. அடுத்த ஆண்டுக் கணக்கில் காற்று மாறி, 2025-26இல் ஏறத்தாழ 44.7 கோடி பவுண்டு கூடுதலாக வந்தது.

இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கக் கடன் வாங்கும் உரிமை ஆண்டுக்கு 30 கோடி பவுண்டு என்றிருந்தது. 2023இல் 60 கோடியாக்கப்பட்டது. முந்தைய வரம்பே நீடித்திருந்தால், 2024-25இன் வெட்டை அது முழுமையாகத் தாங்கியிருக்காது. மூன்றாண்டுக்கு முன் இரண்டு அலுவலகங்கள் செய்த கணிப்புகளின் வேறுபாட்டுக்காக இந்த ஆண்டு எந்த மருத்துவமனையின் கட்டுமானம் தள்ளிப்போகிறது என்பதை வாக்காளர் எப்படி அறிவார்? அறியாத ஒன்றுக்காக யாரிடம் விளக்கம் கேட்பார்? பொறுப்புடைமைக்காகவே இந்த அதிகாரம் கொடுக்கப்பட்டது என்று கால்மன் ஆணையம் முதல் எல்லோரும் சொன்னார்கள். சூத்திரத்தின் இருளில் அந்தப் பொறுப்புடைமைதான் முதலில் மங்கிப்போகிறது.

பிற நாடுகளின் வழிகள்

ஸ்காட்லாந்துக்குப் பக்கத்திலேயே ஒரு மாற்று இருக்கிறது. வேல்ஸுக்கு 2019 ஏப்ரல் முதல் ஒவ்வொரு அடுக்கிலும் 10 புள்ளிகள் விட்டுக்கொடுக்கப்பட்டன. ஸ்காட்லாந்தின் பழைய பூட்டு இங்கே இல்லை. மூன்று விகிதங்களையும் தனித்தனியே மாற்றலாம். ஆனால் புதிய அடுக்கு அமைக்க முடியாது. வேல்ஸ் அரசு இதுவரை மூன்றையும் 10 புள்ளிகளிலேயே வைத்திருப்பதால், அங்குள்ளவர் வரிக் குறியீட்டில் 'சி' என்ற எழுத்து சேர்ந்ததைத் தவிர வேறு வித்தியாசம் இல்லை. இங்கிலாந்தோடு நீண்ட, நெருக்கமான எல்லை கொண்ட சிறு நாட்டின் எச்சரிக்கை அது.

கனடாவில் மாகாணங்கள் வருமான வரி விதிப்பது பழைய மரபு. முன்பு மத்திய வரியின் இத்தனை சதவீதம் என்றுதான் மாகாண வரி கணக்கிடப்பட்டது. 2000ஆம் ஆண்டை ஒட்டி, மாகாணங்கள் வருமானத்தின்மீதே நேரடியாகச் சொந்த அடுக்குகளை அமைக்கும் முறைக்கு மாறின. கியூபெக் தவிர மற்ற மாகாணங்களின் தனிநபர் வருமான வரியை மத்திய வருவாய் முகமையே வசூலித்துத் தருகிறது. கியூபெக் 1954 முதல் சொந்த வருமான வரி விதித்துத் தானே வசூலிக்கிறது. அங்குள்ளவர்கள் ஆண்டுக்கு இரண்டு வரிப் படிவங்களை நிரப்புகிறார்கள். இதைவிட முக்கியமானது, ஏழை மாகாணங்களுக்கான சமன்செய் மானியம். ஒரு மாகாணம் உண்மையில் எவ்வளவு திரட்டியது என்று பார்க்காமல், சராசரி விகிதத்தை விதித்தால் எவ்வளவு திரட்ட முடியும் என்று அது பார்க்கிறது. அதன் கொள்கை 1982ஆம் ஆண்டின் அரசமைப்புச் சட்டத்திலேயே இடம்பெற்றிருக்கிறது.

ஸ்பெயினின் பாஸ்க் நாடு மறுமுனை. 1878இல் வேர்கொண்ட உடன்பாட்டின்படி, அங்குள்ள மூன்று மாகாணங்களே ஏறத்தாழ எல்லா வரிகளையும் வசூலிக்கின்றன. மாட்ரிட் தன் கையில் வைத்திருக்கும் பணிகளின் செலவில் 6.24 சதவீதத்தை அளவுகோலாகக் கொண்டு ஒரு தொகையை அதற்கு அனுப்புகின்றன. பணம் மேலிருந்து கீழே வருவதற்குப் பதில் கீழிருந்து மேலே போகிறது. அதிலும் சண்டை சூத்திரத்தைப் பற்றியதே. பாஸ்க் நாடு தர வேண்டியதைவிடக் குறைவாகத் தருகிறது என்ற புகார் ஸ்பெயினின் பிற பகுதிகளில் ஓய்ந்தபாடில்லை.

இந்த மூன்று வழிகளிலும் விகிதத்தை யார் அறிவிக்கிறார் என்பது பத்திரிகைச் செய்தி. சமன்செய்யும் கணக்கை யார் எழுதுகிறார் என்பதே ஆட்சியின் உள்ளடக்கம்.

நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

இந்தியாவில் விவசாய வருமானம் நீங்கலான வருமானத்தின்மீதான வரி, ஏழாவது அட்டவணையின் ஒன்றியப் பட்டியலில் 82ஆம் பதிவாக இருக்கிறது. விவசாய வருமான வரி மட்டும் மாநிலப் பட்டியலில் 46ஆம் பதிவு. மாதச் சம்பளக்காரரிடம் மாநிலம் கை நீட்டக்கூடிய ஒரே இடம் தொழில் வரி. அதற்கும் ஆண்டுக்கு 2,500 ரூபாய் என்ற உச்சவரம்பு 1988இல் அரசமைப்புத் திருத்தத்தால் வைக்கப்பட்டு, அப்படியே நிற்கிறது. மற்றபடி மாநிலங்களுக்குக் கிடைப்பது பங்கு. 2021-26 காலத்துக்கு 15ஆவது நிதி ஆணையம் அதனை 41 சதவீதமாக வகுத்தது. செஸ், கூடுதல் வரி ஆகியவை அந்தப் பகிர்வுக்கு வெளியே நிற்கின்றன.

பங்கு வேறு, அதிகாரம் வேறு. பங்கு குறைந்தால் மத்திய அரசைக் குறைசொல்லலாம். அதிகாரம் கையில் இருந்தால் சொந்த வாக்காளருக்குப் பதில் சொல்ல வேண்டும். அந்தக் காரணத்துக்காகவே வரி அதிகாரப் பரவலை நான் ஆதரிக்கிறேன். ஸ்காட்லாந்தின் குறைகளையெல்லாம் அடுக்கிய பிறகும் ஒன்றை மறுக்க முடியாது: குழந்தை உதவித்தொகைக்கு யார் பணம் தருவது, 43,662 என்ற எல்லை நியாயமா என்று இன்று எடின்பரோ தேர்தல் களத்தில் வாதிடுகிறார்கள். 2016க்கு முன்பு அந்த வாதத்துக்கு இடமே இல்லை. தானாக வரும் மானியத்தைச் செலவிடும் அவையிலிருந்து, கேட்டு வாங்கிச் செலவிடும் அவையாக அது மாறியிருக்கிறது.

ஆனால் எந்த வட்டார அரசாயினும், வருமான வரி அதிகாரத்தைக் கேட்கும் முன் நான்கு விடைகளைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். விகிதம் மட்டுமா, எது வருமானம் என்ற வரையறையும் உண்டா? வசூலிப்பவர் யார், அவருக்கு யார் கட்டணம் தருவது? மானியக் கழிவு எந்த வேகத்தில் வளரும், யாரோடு ஒப்பிட்டு? மதிப்பீடு பிழைத்தால் தாங்கிக்கொள்ளக் கடன் உரிமை எவ்வளவு? இவற்றுக்கு விடை எழுதப்படும் முன் கிடைக்கும் அதிகாரம், 2007இல் எடின்பரோவில் துருப்பிடித்த இயந்திரம்போல ஆகலாம். அல்லது மக்களிடம் இரண்டு வாங்கி ஒன்றை மட்டும் கையில் நிறுத்தும் இயந்திரமாகலாம். இரண்டையும் ஸ்காட்லாந்து அனுபவித்துவிட்டது. அதே கட்டணத்தை இன்னொரு முறை செலுத்த வேண்டிய தேவை வேறு யாருக்கும் இல்லை.